கேட்காமல் பேசும் பெட்டி

தறிக்குடோனுக்குள் யாரும் வாயால் பேசுவதில்லை. பேசலாம், காதில் விழாது. கருமத்தம்பட்டி, சோமனூர் பக்கம் எட்டுத் தறி மட்டும் ஓடுகிற சின்னக் குடோனில்கூட, பக்கத்தில் நிற்பவரின் காதுக்குள் கத்தினால்தான் உண்டு. அதனால் கையும் கண்ணும் பேசும். எங்கள் குடோனில் இரண்டு விரலைச் சுழற்றிக் காட்டினால் தார் வேண்டும் என்று பொருள். உள்ளங்கையைக் குறுக்கே இழுத்தால் பாவு அறுந்துவிட்டது. தலையில் தட்டிக்கொண்டால் கூலி போட ஆள் வந்திருக்கிறார்.

அம்மாவின் காது மட்டும் வேறு மாதிரி. எங்கள் சமையலறைக்கும் குடோனுக்கும் நடுவே ஒற்றைச் சுவர். அம்மியில் ஏதாவது அரைத்துக்கொண்டே "ஏனுங்க, மூணாவது நின்னுபோச்சு" என்பார். அப்பா அதற்குப் பிறகுதான் திரும்பிப் பார்ப்பார். எட்டுச் சத்தத்தில் ஒன்று குறைந்ததும் அம்மாவுக்குத் தெரிந்துவிடும், அது எந்தத் தறி என்பதும் தெரிந்துவிடும். ஒவ்வொரு தறியாகப் போய் "ஓடுகிறாயா?" என்று யாரும் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. நின்ற தறி தானே சொல்லிவிடுகிறது.

நாங்கள் தறிக்கென்று செய்து விற்ற பெட்டிக்கு இந்த அறிவு இல்லை.

நான் ஃபர்ம்வேர் எழுதுகிறவள். அதாவது கணினிக்கு அல்ல, ஒரு சின்னச் சிப்புக்குள் குடியிருக்கப்போகிற நிரலை எழுதுவது என் வேலை. நான் வேலை பார்த்த நிறுவனம் விசைத்தறிக்கு ஒரு கண்காணிப்புப் பெட்டி செய்தது. தறியின் தண்டுக்குப் பக்கத்தில் ஒரு சென்சார். ஊடை ஒருமுறை குறுக்கே போனால் ஒன்று என்று எண்ணும். எண்ணிக்கை ஏறாவிட்டால் தறி நிற்கிறது என்று கணக்கு. குடோன் முழுமைக்கும் ஒரு மையப் பெட்டி. அதற்குள் இ.எஸ்.பி.8266 என்ற மலிவான வைஃபை சிப். உடைமையாளர் கைப்பேசியில் பெட்டியின் முகவரியைத் தட்டினால் ஒரு பக்கம் திறக்கும். பச்சைப் புள்ளி ஓடும் தறி, சிவப்புப் புள்ளி நின்ற தறி. அந்தப் பக்கத்தைக் கொடுப்பது சிப்புக்குள்ளேயே இருக்கும் ஒரு குட்டி சர்வர். அதற்கான எச்.டி.டி.பி. லைப்ரரியை நிறுவனத்தில் யாரோ பல வருடங்களுக்கு முன் சி மொழியில் எழுதி வைத்திருந்தார்கள். அதற்கு வெப்சாக்கெட் சேர்க்கும் வேலை என்னிடம் வந்தது.

எச்.டி.டி.பி.யின் விதி எளிது. பிரவுசர் கேட்கும், சர்வர் பதில் சொல்லும். கேட்காமல் சர்வர் வாய் திறக்கக் கூடாது. பதில் சொன்ன பிறகு தொடர்ந்து பேசவும் கூடாது. புத்தகம் படிப்பது போன்ற காரியங்களுக்கு இது போதும். தறி நிற்பதைச் சொல்ல இது போதாது. தறி 10:14:07-க்கு நின்றால், கைப்பேசி அடுத்தமுறை கேட்கும்வரை பெட்டி அந்தச் செய்தியை வாய்க்குள் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஆகவே எங்கள் பக்கம் இரண்டு நொடிக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு கைப்பேசி நாள் முழுக்கத் திறந்திருந்தால் 43,200 கேள்விகள். ஒவ்வொரு கேள்வியோடும் பிரவுசர் தன் பெயர், தன் மொழி, தனக்கு எந்த வகைக் கோப்பு ஒத்துவரும் என்று நூற்றுக்கணக்கான பைட் தலைப்புகளைச் சேர்த்து அனுப்பும். வருகிற பதிலோ ஒரு பைட்டில் அடங்கிவிடும்: ஓடுகிறது, ஓடுகிறது, ஓடுகிறது. மூன்று கைப்பேசி சேர்ந்தால் பெட்டி மூச்சுத் திணறித் தானே அணைந்து மறுபடி எழும். எழுகிற அந்த நேரத்தில்தான் பாவு அறுபடும்.

அந்தச் சிப்பில் நிரல் புழங்குவதற்கு இருக்கும் நினைவகம் சுமார் 80 கிலோபைட். வைஃபை தன் பங்கை எடுத்துக்கொண்டபின் மிஞ்சுவது இன்னும் குறைவு. இந்த அளவைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அப்பல்லோ விண்கலத்தின் கணினி நினைவுக்கு வரும். அதன் நிலையான நினைவகம் 36,864 சொற்கள், ஒரு சொல்லுக்கு 16 பிட். கணக்குப் போட்டால் 72 கிலோபைட். அதை அமெரிக்காவின் வால்தம் நகரில் ரேதியான் தொழிற்சாலைப் பெண்கள் கையால் நெய்தார்கள். காந்த வளையத்துக்குள் கம்பி போனால் ஒன்று, வெளியே போனால் சுழி. பொறியாளர்கள் அதற்கு வைத்த செல்லப்பெயர் 'கிழவிகள் நினைவகம்'. பெண்கள் நெய்ததை வைத்து நிலவுக்குப் போனவர்களின் பெயர் எல்லாருக்கும் தெரியும். சரி, இது வேறு கதை.

வெப்சாக்கெட் என்ற பெயர் 2008-இல் புழக்கத்துக்கு வந்தது. பல வரைவுகளுக்குப் பிறகு 2011 டிசம்பரில் ஆர்.எஃப்.சி. 6455 என்ற ஆவணமாக நிலைபெற்றது. அதன்படி முதல் கேள்வி பழைய முறையில்தான் போகும். ஆனால் அதில் "இனி வேறு மாதிரி பேசலாமா?" என்று ஒரு வேண்டுகோள் இருக்கும். கூடவே பிரவுசர் தற்செயலாகப் பொறுக்கிய 16 பைட் சாவி ஒன்றை அனுப்பும். சர்வர் அந்தச் சாவியின் எழுத்துவடிவத்தோடு, ஆவணத்தில் அச்சிட்டிருக்கும் 36 எழுத்துகள் கொண்ட ஒரு மாறாத சரத்தை ஒட்டி, ஷா-1 முறையில் பிழிந்து, 28 எழுத்துகளாகத் திருப்பித் தர வேண்டும். அந்தச் சரம் ஊரறிந்தது, அதில் இரகசியம் எதுவுமில்லை. "நீ கேட்டது எனக்குப் புரிந்தது" என்பதற்கான அத்தாட்சி, அவ்வளவுதான். தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கேட்காமல் இருக்கும் சர்வர்களைக் கண்டுபிடிக்கும் வழி அது. மனிதர்களுக்கும் இப்படி ஒன்று இருந்தால் பல கூட்டங்கள் சீக்கிரம் முடிந்துவிடும்.

விடை சரியாக இருந்தால் சர்வர் 101 என்ற எண்ணைச் சொல்லும். அதன்பின் வாசல் மூடுவதில்லை. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் பேசலாம். 125 பைட்டுக்கு உட்பட்ட செய்தியைச் சர்வர் அனுப்ப, முன்னால் 2 பைட் தலைப்பு போதும். மூன்றாவது தறி நின்றது என்பதை நான் 6 பைட்டில் சொல்லி முடித்தேன்.

சென்னையிலிருக்கும் ஒரு தோழி இதைக் கேட்டதும், "அப்போ இது பெண்களோட கதைதான், கேட்டா மட்டும் பேசணும்னு வச்சிருந்தாங்க, இப்போ பேசறாங்க" என்றாள். எனக்கு அந்த ஒப்புமை பிடிக்கவில்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் யாரும் கேட்டால் மட்டும் பேசியதாக நான் பார்த்ததில்லை. அம்மா நாள் முழுக்கக் கேட்காமலே சொல்வார். மூணாவது நின்றுபோச்சு, தார் தீரப்போகுது, கரண்ட் பில் வந்திருக்குது, எனக்கு முழங்கால் வலிக்குது. முதல் மூன்றுக்கும் உடனே பதில் வரும். ஆகையால் என் அக்கறை வாய் திறப்பதைப் பற்றியதல்ல. இணைப்பின் மறுமுனையில் யார் உட்கார்ந்திருக்கிறார், எந்தச் செய்தியை எடுத்துக்கொள்கிறார், எதைக் கீழே போடுகிறார் என்பதைப் பற்றியது. வேலைக்குள் போகப் போக அது இன்னும் வலுத்தது.

அந்த லைப்ரரியைத் திறந்து பார்த்தபோது, அதன் ஒவ்வொரு வரியும் 'பேச்சு முடிந்துவிடும்' என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டிருந்தது. பதில் போனதும் அந்த இணைப்புக்கான இடத்தைத் துடைத்துவிடு. 30 நொடி சும்மா இருந்தால் இணைப்பை அறுத்துவிடு. கேள்வி வந்த இழையிலிருந்து மட்டுமே பதில் எழுது. வெப்சாக்கெட் சேர்ப்பதில் ஷா-1 எழுதுவது ஒரு நாள் வேலை. மிச்சமெல்லாம் இந்த நம்பிக்கையைப் பிரித்தெடுக்கும் வேலை. இணைப்பு தொடர்ந்து இருக்கும், அதற்கென்று நினைவு வேண்டும், அது சும்மா இருப்பது குற்றமல்ல என்று ஒவ்வொரு இடத்திலும் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.

அதிலும் சிக்கலானது கேட்காமல் பேசும் அந்தத் தருணம். தறி நின்றதைச் சென்சார் சொல்லும்போது சிப் வேறு ஏதாவது செய்துகொண்டிருக்கும். அங்கிருந்தே செய்தி அனுப்ப முயன்றால் எல்லாம் குழம்பும். ஆகவே செய்தியை வரிசையில் போட்டுவிட்டு, சர்வர் தன் முறை வரும்போது எடுத்து அனுப்பும்படி செய்தேன். ஒரு கைப்பேசி வைஃபை எல்லையின் ஓரத்தில் மந்தமாக இருந்தால், அதற்காக மற்றவர்கள் காத்துக்கிடக்கக் கூடாது. ஒவ்வொருவருக்கும் தனி வரிசை, நிரம்பினால் பழையது விழும். கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உடைமையாளர் கணியூர்ப் பக்கம் போய்விட்டால் இணைப்பு செத்திருக்கும், ஆனால் சர்வருக்குத் தெரியாது. அதற்காக ஆவணத்திலேயே 'பிங்', 'பாங்' இருக்கிறது. "இருக்கிறாயா?" என்றால் "இருக்கிறேன்" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். 20 நொடிக்கு ஒருமுறை கேட்டேன், இரண்டுமுறை பதில் வராவிட்டால் இடத்தைக் காலிசெய்தேன்.

எதிர்த்திசைக்கு ஒரு கூடுதல் விதி உண்டு. பிரவுசர் அனுப்பும் ஒவ்வொரு செய்தியும் 4 பைட் முகமூடி போட்டுக்கொண்டு வர வேண்டும். ஏன் இப்படி என்று தேடினால் அதற்கும் ஒரு வரலாறு. நடுவிலிருக்கும் இடைத்தரகுச் சர்வர்களை ஏமாற்றி அவற்றின் சேமிப்பில் நஞ்சு கலக்க முடியும் என்று ஆய்வாளர்கள் காட்டியதும், 2010 டிசம்பரில் ஃபயர்ஃபாக்ஸும் ஓப்பராவும் வெப்சாக்கெட்டை அணைத்து வைத்தன. முகமூடி வந்தது அதன்பிறகுதான். அதைக் கழற்றும் நிரல் நாலு வரி. அந்த நாலு வரியையொட்டித்தான் அலுவலகத்தில் முதல் சச்சரவு.

"உள்ளே வர்ற செய்தி நமக்கு எதுக்கு? பெட்டி சொன்னாப் போதும். ஒருவழிப்பாதைக்கு வெப்சாக்கெட்டே வேண்டியதில்லையே" என்றார் மேலே இருந்தவர். நியாயமான கேள்விதான். சர்வர் மட்டும் பேசினால் போதுமென்றால் அதைவிட எளிய முறை இருக்கிறது, முகமூடியும் வேண்டாம், பிங்கும் வேண்டாம். நான் அவருக்குச் சொன்னது இது: நின்ற தறி நின்றது என்று மட்டும்தான் சென்சாருக்குத் தெரியும். ஏன் நின்றது என்பது தறி ஓட்டுகிறவருக்குத்தான் தெரியும். அவர் சொல்வதற்கு ஒரு வழி வேண்டும்.

ஏனென்றால் அப்போது அவர்கள் போட்டிருந்த வகைப்பாடு என்னைத் தூங்கவிடவில்லை. இரண்டு நிமிடத்துக்கு மேல் நின்றால் 'இயந்திரக் கோளாறு'. அதற்குக் குறைவாக நின்றால் 'தொழிலாளி நிறுத்தம்'. தறியைப் பார்த்தறியாதவர்கள் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து போட்ட கணக்கு. சாதாரண நாடாத் தறியில் நாடாவுக்குள் இருக்கும் தார் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். தீர்ந்தால் தறி நிற்கும். வேறு தார் மாற்றி மறுபடி ஓட்டிவிட வேண்டும். நாள் முழுக்க, ஒவ்வொரு தறியிலும் இப்படித்தான். அந்த நிறுத்தம் தறியின் உடம்பிலேயே இருக்கிறது. அதை ஓட்டுகிற பெண்ணின் பெயரில் எழுதினால், மாதக் கடைசியில் நூற்றுக்கணக்கில் குற்றம் சேர்ந்திருக்கும். அந்தத் தாரை மெஷினில் ஓட்டிச் சுற்றித் தருகிற இன்னொரு பெண், பெரும்பாலும் வீட்டு அம்மா, கணக்கிலேயே வரமாட்டார். என் அம்மா இருபத்தைந்து வருடம் தார் ஓட்டினார். அவர் கை நின்றால் எட்டுத் தறியும் நிற்கும். அவருக்கு எந்தச் சென்சாரும் இல்லை, கூலியும் இல்லை.

உள்வரும் செய்திக்கு அனுமதி கிடைத்தது. குடோனுக்குள் ஒரு டேப் மாட்டுவது, தறி நின்றால் ஓட்டுகிறவர் காரணத்தைத் தொடுவது என்று முடிவானது. வகைப்பாட்டில் 'தார் மாற்றம்' சேர்ந்தது. 'ஓய்வு' என்று ஒன்று கேட்டேன். அது சேரவில்லை.

முதல் சோதனை சோமனூர் போகும் வழியில் ஒரு குடோனில் நடந்தது. பெயர் வேண்டாம். ஆறு தறி. ஓட்டியவர் அன்னூர்ப் பக்கத்து அக்கா, இருபது வருட அனுபவம். உடைமையாளர் வீடு குடோனுக்கு முன்புறம், வைஃபை நன்றாக எட்டும். மூன்றாம் நாள் காலை ஆறு தறியும் பத்து நொடிக்குள் ஒவ்வொன்றாக நின்றன. ஆறு செய்திகள், ஒன்றுகூட விழவில்லை, தாமதம் கண்ணுக்குத் தெரியாத அளவு. வேலை செய்தவளாக எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. உடைமையாளர் கைப்பேசி ஆறுமுறை கூவியது. அவர் எழுந்து குடோனுக்கு வந்தார். அக்கா தென்னைமரங்களுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கழிப்பறையிலிருந்து சேலையைச் சரிசெய்தபடி வந்துகொண்டிருந்தார். "எதுக்கு எல்லாத்தையும் நிறுத்துனே?" என்றார் அவர். பக்கத்தில் ஃபிட்டர் நின்றிருந்தார், அவருடைய உதவிப் பையன் நின்றிருந்தான். அக்கா பதில் சொல்லவில்லை. டேப்பில் போய் 'இயந்திரக் கோளாறு' என்று தொட்டார். அந்த வாரத்தில் அது நாலைந்துமுறை நடந்தது.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 19-ஆம் பிரிவு கழிப்பறை பற்றிப் பேசியது. ஆனால் மின்சாரத்தில் இயங்கும் இடத்தில் பத்துப் பேராவது வேலை பார்த்தால்தான் அந்தச் சட்டப்படி அது தொழிற்சாலையாக இருந்தது. இரண்டு மூன்று பேர் ஓட்டும் குடோன் அதற்குள் வரவில்லை. 2021-இல் தமிழ்நாடு அரசு கடைகளில் நின்றுகொண்டே வேலை செய்கிறவர்கள் உட்கார்வதற்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டம் திருத்தியது. துணி விற்கிற பெண் உட்காரலாம். அதை நெய்கிற பெண்ணைப் பற்றி அதில் பேச்சில்லை.

அந்த உடைமையாளரைக் கொடுமைக்காரராக எழுதிவிட என்னால் முடியாது. அவரும் கூலிக்கு நெய்துகொடுப்பவர். பாவும் நூலும் ஜவுளி உற்பத்தியாளருடையவை, இவருக்கு மீட்டர் கூலி. 2014-இல் பேசிய கூலிக்கு அடுத்த உயர்வு 2021 நவம்பரில்தான் பேசி முடிந்தது: சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதம், பல்லடம் ரகத்துக்கு 20 சதவீதம். அதுவும் கைக்கு வராமல், 2022 ஜனவரியில் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் தறிகளை நிறுத்திப் போராட வேண்டியிருந்தது. நிறுத்தினால்தான் மேலே இருப்பவர் காதில் விழுகிறது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தன் குடோனுக்குள் ஒரு பெண் பத்து நிமிடம் நிறுத்தினால் மட்டும் அது வேறு கணக்காகிவிடுகிறது.

எனக்கு இருந்த இடம் லைப்ரரி மட்டும்தான். பக்கத்தின் வடிவம், எச்சரிக்கைச் சத்தம் எல்லாம் வேறு ஆட்கள் கையில். பழைய முறையில் யார் பார்க்கிறார்கள் என்று பெட்டிக்குத் தெரியாது. கேள்வி வரும், போகும், முகம் நிற்காது. வெப்சாக்கெட்டில் அப்படியில்லை. இணைப்பு திறந்தே இருப்பதால் எத்தனை பேர் மறுமுனையில் இருக்கிறார்கள் என்பது சர்வருக்கு ஒவ்வொரு நொடியும் தெரியும். அந்தப் பட்டியலை நான் எப்படியும் வைத்திருக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் யாருக்குச் செய்தி அனுப்புவது? ஆகவே ஒருவர் சேரும்போதும் விலகும்போதும், இணைந்திருக்கும் எல்லாருக்கும் அந்த எண்ணிக்கை போகும்படி எழுதினேன். குடோன் டேப்பின் மேல் மூலையில் ஒரு வரி: இப்போது பார்ப்பவர்கள், ஓர் எண். கூடவே இன்னொரு மாற்றம். உடைமையாளர் கைப்பேசிக்குப் போகும் ஒவ்வொரு செய்தியும் அதே கணத்தில் குடோன் டேப்புக்கும் போகும். தன்னைப் பற்றி என்ன சொல்லப்பட்டது என்று அக்கா படிக்கலாம். இரண்டுக்கும் சேர்த்து எண்பது வரிக்குள் முடிந்தது.

அலுவலகத்தில் அதற்கு எதிர்ப்பு வந்தது. "வாடிக்கையாளர் உடைமையாளர்தான், தொழிலாளி இல்லை" என்றார்கள். நான் "சோதனைக்கு உதவும், இணைப்பு கசிந்தால் எண்ணிக்கையில் உடனே தெரியும்" என்றேன். அது உண்மைதான். கசிவுகளைப் பிடிக்க அதைவிடச் சிறந்த கருவி இல்லை. இறுதியில் அது விற்பனைப் பெட்டிகளில் அணைத்தும், வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளும்படியும் வைக்கப்பட்டது. கையேட்டில் அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று யாராவது கேட்டால் சொல்கிறேன். 'ஓய்வு' என்ற வகைக்கான எண் இன்னும் நிரலில் இருக்கிறது, ஏழாம் எண், திரையில் அதற்குப் பொத்தான் இல்லை.

சோமனூர் வழிக் குடோனில் மட்டும் போட்டது போட்டபடி இருந்தது. முதல் இரண்டு நாள் அக்கா அந்த வரியைக் கண்டுகொள்ளவில்லை. பிறகு ஒருநாள், ஒரு தறிக்குத் தார் மாற்றிவிட்டு வந்தவர், டேப் முன்னால் நின்று விரல்விட்டு எண்ணினார். நான் தார் மெஷின் பக்கத்தில் கீழே உட்கார்ந்து மடிக்கணினியில் பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அருகில் வந்து குனிந்து, காதுக்குள் கத்தினார்.

"மூணுன்னு போட்டிருக்குது கண்ணு. ஒண்ணு இந்தப் பலகை. ஒண்ணு அவரு. மூணாவது யாரு?"

மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன்.